செட்டிநாட்டு வெயிலில் விதையிலிருந்து கார மிளகாய்: எதை, எப்போது, எப்படி

கேள்வியின் சுருக்கம் இது. தேவகோட்டையில் வீடு. மொட்டை மாடியும் பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் கொஞ்சம் இடமும் இருக்கிறது. நல்ல காரமான மிளகாயை, முடிந்தால் வடகிழக்கு மாநிலங்களின் கடுங்கார ரகமான பூத் ஜோலோகியாவையும், விதை போட்டே வளர்க்க ஆசை. பங்குனியில் போட்ட விதையில் பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் நாற்றாக இருக்கும்போதே சாய்ந்துவிட்டது. வீடியோக்களில் சூடேற்றும் பாய், வளர்ப்பு விளக்கு எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அந்த வீடியோக்களைப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர் நாட்டுக்காரர்கள். வெளியே பனி கிடக்கும்போதே வீட்டுக்குள் விதையை முளைக்க வைத்து, கோடையில் வெளியே நட்டு, அடுத்த குளிர் வருவதற்குள் பழம் பறித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு போதும். நம் ஊரில் அது அடுப்படி அலமாரியில் இலவசமாகவே கிடைக்கிறது. நமக்குத் தொல்லை வேறு இரண்டு: சித்திரை வெயில், ஐப்பசி மழை. இவை வரும்போது செடி எந்த வயதில் இருக்கிறது என்பதுதான் இங்கே மிளகாயின் தலையெழுத்து. பங்குனியில் போட்டீர்கள் அல்லவா, பாதிப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது.

பங்குனியில் போட்ட விதை முளைத்துத் தப்பிப் பிழைத்தாலும் அக்னி நட்சத்திரத்தில் பிஞ்சு நாற்றாக நிற்கும். மாசிக்கு முன்னால் போட்டிருந்தால் அதே வெயிலில் பூவோடு நிற்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடு இறங்காமல் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். செடி பச்சைப்பசேல் என்று இருக்கும், தினமும் காலையில் தொட்டியைச் சுற்றிப் பூவாகக் கிடக்கும், காய் மட்டும் வராது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லி வைத்தது மிளகாய்க்கு அப்படியே பொருந்துகிறது. ஆடியில் விதைத்தால் புரட்டாசித் தொடக்கத்தில் நடவு. ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துத் தண்டு தடித்துவிடும். கார்த்திகை, மார்கழியின் குளிர்ந்த இரவுகளில் பூ நிற்கும். தை, மாசியில் பழம். இதைவிட வசதியான கணக்கு நம் பக்கத்துக்கு இல்லை.

இராமநாதபுரம் பக்கத்துச் சம்சாரிகள் புரட்டாசி மழையை நம்பி வயலில் நேராகவே விதைப்பார்கள். அது மானாவாரிக் கணக்கு. தொட்டிக்கு நாம் தண்ணீர் ஊற்றப்போவதால் முன்கூட்டியே தொடங்கிவிடலாம்.

சரி, எதை விதைப்பது? என்னைக் கேட்டால் முதல் வருடம் முண்டு மிளகாயும் காந்தாரியும். ஜோலோகியா ஒன்றிரண்டு செடி, ஆசைக்கு.

முண்டு நம் பக்கத்து வீட்டுக்காரன். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரத்தில் தலைமுறையாக விளைகிறது, 2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வறட்சியைத் தாங்கும், கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். உருண்டைக் காய், தடித்த தோல். உப்புக்கறிக்குக் கிள்ளிப் போட்டால் எண்ணெயில் நிறமும் வாசமும் இறங்குவது இந்தத் தோலிலிருந்துதான். நாக்கை எரிப்பதில் உலகச் சாம்பியனாக இருக்காது. ஆனால் நம் சமையலுக்கு மிளகாய் ஒரு கை நிறையப் போக வேண்டும். ஒரு துண்டு போட்டாலே சட்டியைத் தொட முடியாத மிளகாயை வைத்துக்கொண்டு வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச்சட்டினி அரைக்க முடியாது. நீள மிளகாய் வேண்டுமென்றால் சம்பா ரகங்கள், கோவில்பட்டி கே1 போன்றவை உண்டு. இவையெல்லாம் தென் மாவட்டத்து வெயிலுக்குப் பழகிய ரகங்கள்.

காந்தாரியைச் சீனி மிளகாய், ஊசி மிளகாய் என்றும் சொல்வார்கள். சின்னக் காய், கடுங்காரம். பாதி நிழலிலும் வளரும், வருடக்கணக்கில் நிற்கும். முற்றத்தில் காலை வெயில் மட்டும் விழுகிற ஒரு மூலை இருந்தால் அங்கே வைக்க இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. பழுத்ததும் கொண்டைக்குருவிகள் வந்து தின்னும். பறவைக்கு மிளகாயின் எரிச்சல் தெரியாது, விதையும் அதன் வயிற்றில் சிதையாமல் வெளியே வரும். சுவர் ஓரத்தில் யாரும் விதைக்காமல் காந்தாரி முளைத்திருந்தால் காரணம் அதுதான்.

விதைக்குக் கடைக்குப் போக வேண்டும் என்று இல்லை. நல்ல வரமிளகாயை உடைத்தாலே விதை. ஆனால் அது புது வத்தலாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் கிடந்ததில் முளைப்பு வெகுவாகக் குறையும். மஞ்சள் நிறத்தில் தட்டையாக, பளிச்சென்று இருக்கும் விதை நல்ல விதை. பழுப்பாகவும் கறுப்பாகவும் இருப்பதைத் தள்ளிவிடுங்கள். கடையில் வாங்கும் பச்சை மிளகாயின் விதை முற்றியிருக்காது, பெரும்பாலும் முளைக்காது. அதையே பழுக்க வைத்து எடுத்தாலும், பெரும்பாலும் அவை வீரிய ஒட்டு ரகமாக இருப்பதால் தாயைப் போலப் பிள்ளை வராது. தண்ணீரில் மிதக்கும் விதை எல்லாம் சொத்தை என்பதும் முழு உண்மை இல்லை. காய்ந்த நல்ல விதையும் முதலில் மிதக்கும், ஒரு ராத்திரி ஊறிய பிறகு பாருங்கள்.

விதைக்கிற மண் கலவையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் செம்மண் தனியாகப் போட்டால் காய்ந்ததும் கட்டாந்தரை ஆகிவிடும், மெல்லிய முளையால் முட்டிக்கொண்டு வர முடியாது. ஈரம் அதிகமானால் சேறு. சலித்த செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். மக்காத சாணம் மட்டும் கூடவே கூடாது. குழித்தட்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட காகிதக் கோப்பை போதும்.

விதையை ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) தூளில் புரட்டி அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். மேலே ஈரச் சாக்கையோ வாழை இலையையோ மூடி நிழலில் வைத்து, தினமும் தூக்கிப் பாருங்கள். முண்டும் சம்பாவும் ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டும். காந்தாரிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், ஜோலோகியாவுக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் பொறுமை இழந்து தோண்டிப் பார்க்காதீர்கள். முதல் முளை தெரிந்த அன்றே மூடியதை எடுத்துவிட்டுக் காலை வெயிலில் வைக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சத்தைத் தேடி வெளுத்து நீண்டுவிடும்.

சில நாற்றுகள் விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே வெளியே வரும். இரண்டு விதையிலையும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் இலையும் கூடவே வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நகத்தால் லேசாக நெம்பினால் கழன்றுவிடும்.

இப்போது சாய்ந்து விழுந்த நாற்றுக்கு வருவோம். அது நாற்றழுகல். மண்ணிலுள்ள பித்தியம் போன்ற நுண்ணுயிர்களின் வேலை. விழுந்த நாற்றை எடுத்துப் பார்த்தால் மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு தண்ணீர் கோத்துப் பழுப்பேறி, நூல் போல மெலிந்திருக்கும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம்: விழுந்த நாற்றை அந்த மண்ணோடு சேர்த்து எடுத்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். வெயில் காலத்தில் ‘பாவம் வாடுகிறதே’ என்று வேளைக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பதுதான் இதற்கு முதல் காரணம். தட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் நாற்றுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முற்றத்தில் அண்டா வைத்து மழை நீர் பிடிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை.

ஆறு இலை விட்டதும், சுமார் 40 நாளில், நடவு. பன்னிரண்டு அங்குலப் பை அல்லது தொட்டி, ஒன்றுக்கு ஒரு செடி. இரண்டு வைத்தால் இரண்டும் உருப்படாது. தரையில் நட்டால் ஒன்றரை அடி இடைவெளி. சாயங்காலம் நட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். தினம் ஆறு மணி நேர வெயில் முண்டுக்கு வேண்டும். முற்றத்தில் தாழ்வாரக் கூரை நிழல் விழும், அங்கே அவ்வளவு வெயில் கிடைக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். மாடியில் பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளச் சூட்டில் வேர் வெந்துவிடும், மழையில் வடிகால் ஓட்டையும் அடைபடும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த தெளிவு நீரை நன்றாக நீர்த்து ஊற்றலாம், அல்லது லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். பூ வரத் தொடங்கியதும் புண்ணாக்கைக் குறைத்துவிடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். அடுப்புச் சாம்பல் மாதம் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். காயின் நுனிப் பக்கம் கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறை, அதற்குப் பாதிக் காரணம் ஒரு நாள் குளமும் மறுநாள் பாலைவனமுமாகத் தண்ணீர் விடுவது.

மிளகாய் வளர்ப்பவரின் உண்மையான தலைவலி இலைச்சுருட்டல். ‘என் செடி சுருண்டுவிட்டது, என்ன அடிக்கலாம்’ என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கொடுத்ததை அடிப்பதுதான் வழக்கம். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இலையின் ஓரங்கள் மேல் நோக்கி மடிந்து படகு போல இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் மயிரிழை அளவுக்குப் பூச்சிகள் உதிர்ந்து ஓடுவது தெரியும். ஓரங்கள் கீழ் நோக்கி மடிந்து, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகிப் போயிருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. அது கண்ணுக்கே தெரியாது, லென்ஸ் வேண்டும். இரண்டும் இல்லாமல் இலை சிறுத்து, நரம்பு வெளுத்து, செடி குட்டையாகவே நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இலைப்பேனுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் நன்றாக அடித்துக் கலக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மதியத்தில் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும். நீல நிற ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிட்டால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த நாளில். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கொட்டிவிடும். வைரஸ் வந்த செடிக்கு மருந்தே இல்லை. பூ வைத்திருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டு பிடுங்கி எறிவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

ஜோலோகியாவுக்குத் தனியாகச் சில வார்த்தை. 2007-இல் கின்னஸ் அதை உலகிலேயே காரமான மிளகாய் என்று பதிந்தபோது பத்து லட்சம் ஸ்கோவில் அளவைத் தாண்டியிருந்தது. இப்போது அந்த இடத்தில் 2023-இல் பதிவான பெப்பர் எக்ஸ் இருக்கிறது, 26 லட்சத்துக்கும் மேல். (1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர், மிளகாய்ச் சாற்றை எவ்வளவு சர்க்கரைத் தண்ணீரில் கரைத்தால் உறைப்பு தெரியாமல் போகிறது என்று ஆட்களைக் குடிக்க வைத்துப் பார்த்த கணக்கு அது.) ஆனால் ஜோலோகியா அசாம், நாகாலாந்து, மணிப்பூர்ச் செடி. ஈரக்காற்றும் வடிகட்டிய வெயிலும் அதற்குப் பழக்கம். நம் ஊர் உச்சி வெயில் ஒத்துவராது. அதனால் இதை மட்டும் ஆடி வரை காத்திருக்காமல் ஆனியிலேயே விதையுங்கள். முளைக்க ஒரு மாதம், நாற்றாக இன்னும் இரண்டு மாதம், பூக்கவே மார்கழி ஆகிவிடும். 50 சதவீத நிழல்வலைக்கடியிலோ கிழக்கு வெயில் மட்டும் படும் கிணற்றடியிலோ வையுங்கள். மாசி, பங்குனியில் பழம் எதிர்பார்க்கலாம். காய் சிவக்கும் முன் பறிக்காதீர்கள், சிவந்தால்தான் வாசம் நன்றாக வரும்.

காரம் விதையில் இருக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் ஊறுவது விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான். ஆச்சிமார் உப்புக்கறிக்கு மிளகாயைக் கிள்ளி விதையைத் தட்டும்போது அந்த நரம்பும் சேர்ந்து போய்விடுகிறது, அதனால்தான் அத்தனை மிளகாய் போட்டும் சாப்பிட முடிகிறது. காரம் கூட வேண்டுமென்றால் காய் பிடித்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். செடி துவளும் அளவுக்குப் போகக்கூடாது. ஜோலோகியாவை நறுக்கும்போது கையுறை கட்டாயம். இல்லாமல் தொட்டுவிட்டால் முதலில் கையில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள். கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும், வெறும் தண்ணீருக்கு அசையாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள், சிவந்த பழம் பிள்ளைகளைக் கூப்பிடும்.

நடவு செய்து 75 நாள் வாக்கில் பச்சையாக முதல் பறிப்பு வரும், பழமாக விட்டால் இன்னும் ஒரு மாதம். முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாகவே எடுத்துவிடுங்கள், செடி மேலும் பூக்கும். முண்டுக் காயைப் பச்சையாகக் கீறி உப்புத் தயிரில் ஊறவைத்துக் காயவைத்தால் மோர் மிளகாய்க்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. வத்தலுக்கு என்றால் முழுக்கச் சிவந்ததைப் பறித்து, ஒரு ராத்திரி சாக்கில் குவித்து வைத்து நிறம் சமமான பிறகு மாடியில் பரப்புங்கள். சாயங்காலம் மறக்காமல் உள்ளே எடுங்கள், மாசிப் பனி பட்டால் பூசணம் பிடிக்கும். மயில் வரும் தெருவாக இருந்தால் மேலே வலை.

சித்திரையில் செடி ஓய்ந்துபோகும். பிடுங்க வேண்டாம். பாதி உயரத்துக்குக் கவாத்துச் செய்து, நிழலில் ஒதுக்கி, உயிர்த்தண்ணீர் மட்டும் விட்டு வைத்தால் ஆடியில் மறுபடி துளிர்க்கும். காந்தாரி இப்படிப் பல வருடம் போகும், முண்டு இரண்டாம் வருடம் கொஞ்சம் இளைத்துத்தான் காய்க்கும்.

அடுத்த வருட விதைக்கு, நோய் இல்லாத ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, மொட்டு விரிவதற்கு முன்பே இரண்டு மூன்று பூக்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனாலும் தேனீ புகுந்தால் பக்கத்துத் தொட்டி ரகத்தோடு கலந்துவிடும். இப்படிக் கலந்தாலும் இந்த வருடக் காயின் காரம் மாறாது, அதன் விதையிலிருந்து வரும் செடியில்தான் வித்தியாசம் தெரியும். காய் பிடித்ததும் பையை அவிழ்த்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகப் பழுத்ததும் விதையை எடுத்து நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ரகமும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

இந்த வருடத்துக்கு முண்டு விதை வேண்டுமென்றால் பரமக்குடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் களத்திலிருந்தே ஒரு கைப்பிடி புது வத்தல் கேட்டு வாங்கிவிடுங்கள். ரகப் பெயரோடு வேண்டும் என்றால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். எங்கே கேட்டாலும் ஆனி முடிவதற்குள் கேளுங்கள், ஆடி பிறந்துவிட்டால் எல்லோரும் விதைக்கு அலைவார்கள்.